லா கிரெசென்ட்: மைனஸ் 35 டிகிரியிலும் சாகாத திராட்சையை நட்டு, வெள்ளை ஒயின் ஆக்கும் வரை

2019 ஜனவரியின் கடைசி வாரம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபோலிஸில் வெப்பநிலை மைனஸ் 33 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. கதவைத் திறந்து வெளியே வந்தால் மூக்குக்குள் இருக்கும் முடிகூட விறைத்துக்கொள்ளும் குளிர். அது கொஞ்சம் தணிந்ததும் கொல்லைக்குப் போய், திராட்சைக் கொடிகளில் பென்சில் கனத்துக்கு இருந்த ஏழெட்டுக் குச்சிகளை வெட்டிவந்து சமையலறை மேசையில் போட்டேன். ஒரு நாள் முழுக்க வீட்டுச் சூட்டில் கிடக்க விட்டு, அப்புறம் சவர பிளேடால் ஒவ்வொரு மொட்டையும் குறுக்கே சீவிப் பார்த்தேன். உயிருள்ள மொட்டு உள்ளே கொத்தமல்லித் தழை போலப் பச்சையாக இருக்கும். செத்த மொட்டு காப்பித்தூள் நிறம். ஐம்பது மொட்டு அறுத்ததில் ஒன்பதுதான் காப்பித்தூள்.

அந்தக் கொடியின் பெயர் லா கிரெசென்ட். வெள்ளை ஒயினுக்காகவே உருவாக்கப்பட்ட, கடுங்குளிரைத் தாங்கும் ரகம். இதை நட விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது "குளிரில் செத்துவிடாதா?" என்றுதான். சாகாது. அந்த வேலையைக் கொடி பார்த்துக்கொள்ளும். நாம் பார்த்துக்கொள்ள வேண்டியவை வேறு இரண்டு: மே மாதத்தில் ஒரு ராத்திரி வந்து தளிரைக் கருக்கும் பனி, செப்டம்பரில் பழத்துக்குள் மிச்சமிருக்கும் புளிப்பு. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த இரண்டைப் பற்றியதுதான்.

யார் வீட்டுப் பிள்ளை இது?

மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1988-ல் செய்த ஒரு கலப்பிலிருந்து வந்து, 2002-ல் வெளியான ரகம் இது. மின்னசோட்டாவில் உள்ள லா கிரெசென்ட் என்ற ஊரின் பெயரை வைத்தார்கள். பதிவில் உள்ளபடி ஒரு பக்கம் செயின்ட் பெப்பின் என்ற ரகம். மறுபக்கம் பெயர்கூட இல்லாத, எண் மட்டும் கொண்ட ஒரு கொடி. இரண்டுமே எல்மர் ஸ்வென்சன் என்ற ஒரே மனிதரின் தோட்டத்துச் சரக்கு.

ஸ்வென்சன் (1913–2004) பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் ஒசியோலா என்ற ஊருக்குப் பக்கத்தில் பால்மாடு வைத்துப் பிழைத்த விவசாயி. 1943-ல் தன் நிலத்தில் திராட்சையைக் கலக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கத்து ஆற்றங்கரைகளில் தானாகப் படர்ந்து கிடக்கும் ரிப்பேரியா என்ற காட்டுத் திராட்சையை எடுத்து, நல்ல பழம் தரும் ரகங்களோடு சேர்த்துப் பார்த்தார். காட்டுக்கொடிக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பழம் சுண்டைக்காய் அளவு, வாயில் போட்டால் பல் கூசும். இந்த இரண்டு குணமும் பேரன் பேத்தி வரை வந்துகொண்டே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். லா கிரெசென்ட்டின் உறுதியும் ரிப்பேரியா தந்தது, புளிப்பும் ரிப்பேரியா தந்தது. ஒன்றை விட்டு ஒன்றை வாங்க முடியாது.

வாசனை எங்கிருந்து வந்தது? அந்தப் பெயரில்லாத கொடியின் பெற்றோரில் ஒன்று ரிப்பேரியா, இன்னொன்று மஸ்கட் ஹாம்பர்க். பெயர் அந்நியமாகத் தெரிகிறதா? கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகத் தொங்குகிறதே, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை, அதுதான் மஸ்கட் ஹாம்பர்க். தேனிக்காரர் யாராவது லா கிரெசென்ட்டின் பழுத்த பழத்தை மோந்து பார்த்தால் எங்கேயோ பழகிய வாசனை மாதிரி ஒரு கணம் புருவத்தைச் சுருக்குவார் என்பது என் நம்பிக்கை. நிறம் மட்டும் கருப்பு இல்லை. பச்சை மஞ்சளாகி, நன்றாக முற்றியதும் தேன் நிறம். ஒயினில் முதலில் வருவது ஆப்ரிகாட், பின்னாலேயே பீச்சும் எலுமிச்சைத் தோலும்.

கடுங்குளிர் வேறு, பனி வேறு

நாற்றுக் கடைகளில் "மைனஸ் 35 வரை தாங்கும்" என்று எழுதியிருப்பார்கள். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது ஜனவரி நடுவில், நன்றாகத் தூங்கிப்போன கொடியைப் பற்றிய எண். அதே கொடி அக்டோபர் முதல் வாரத்தில் அந்தக் குளிரில் பாதியைக்கூடத் தாங்காது. மே மாதத்தில் தளிர் விட்ட பிறகு மைனஸ் 2 டிகிரியே போதும், தளிர் வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரித் துவண்டுவிடும்.

கொடி குளிருக்குத் தயாராவது படிப்படியாக நடக்கிற வேலை. ஆகஸ்டில் பகல் குறுகிக்கொண்டே வரும்போது பச்சைத் தண்டு அடியிலிருந்து நுனி நோக்கிப் பழுப்பாகும், மரம் போல இறுகும். அப்புறம் மொட்டுக்குள் இருக்கும் நீர், உறைநிலைக்கு எவ்வளவோ கீழே போனாலும் பனிக்கட்டி ஆகாமல் திரவமாகவே நிற்கும் நிலைக்கு வரும். இதற்கு அதற்கு நேரமும் சர்க்கரையும் வேண்டும். நாம் ஆகஸ்டில் உரம் போட்டு, தண்ணீர் விட்டு, பச்சைப் பசேலென்று வைத்திருந்தால் கொடி தூங்கப் போகாது. குழந்தையை ராத்திரி பத்து மணிக்கு விளையாட்டுக் காட்டிக் கெடுப்பது மாதிரிதான். ஜூலை முதல் வாரத்துக்குப் பிறகு தழைச்சத்து வேண்டவே வேண்டாம். குளிரில் கொடி செத்தது என்று வருத்தப்பட்டவர்களின் தோட்டங்களில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் குற்றவாளி உர மூட்டைதான்.

இன்னொரு சங்கடம். ரிப்பேரியா ரத்தம் ஓடுவதால் வசந்தத்தில் நாலு நாள் வெயில் அடித்தால் போதும், இந்தக் கொடி முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் துளிர்த்துவிடும். குளிரைத் தாங்கும் ரகமே பனியில் அடிபடுவது இதனால்தான்.

இடம் பார்ப்பது

என் முதல் ஆறு கொடிகளை வேலியோரப் பள்ளத்தில் நட்டேன். காற்று அடிக்காது, ஈரம் நிற்கும், நல்லதுதானே என்று நினைத்தேன். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும் என்பது அந்த மே மாதம்தான் எனக்குத் தெரிந்தது. காலையில் பார்த்தால் மேட்டில் இருந்த பக்கத்து வீட்டுக்காரரின் தக்காளி நாற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் தளிர்களெல்லாம் கருப்பு.

அதனால் சரிவான இடம் இருந்தால் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். உச்சி வேண்டாம், அங்கே காற்று காயவைக்கும். அடிவாரம் கூடவே கூடாது. தெற்குச் சரிவில் பழம் நன்றாகப் பழுக்கும், ஆனால் கொடி இன்னும் முன்னால் துளிர்க்கும். கிழக்குச் சரிவு என்றால் காலை வெயில் இலையின் ஈரத்தைச் சீக்கிரம் உலர்த்தும், நோய் குறையும். நாளுக்கு 7–8 மணி நேர வெயில் கட்டாயம்.

மண் கொழுத்துக் கிடக்க வேண்டியதில்லை. தண்ணீர் தேங்காமல் இருந்தால் சரி. ஓர் அடி ஆழக் குழி தோண்டி தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மண்ணின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருப்பது நல்லது. மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு நாற்றின் விலைதான், செய்துவிடுங்கள்.

சோளமும் சோயாவும் விளையும் ஊர் என்றால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்றும் பாருங்கள். 2,4-டி, டைகாம்பா போன்ற களைக்கொல்லிகள் எங்கோ அடித்தாலும் ஆவியாகவும் துளியாகவும் மிதந்து வந்து திராட்சையைத் தாக்கும். இலை விசிறி மடிப்பு மாதிரிச் சுருங்கி, நரம்பெல்லாம் நெருங்கி நின்றால் அது நோய் இல்லை, களைக்கொல்லி. புல்வெளிக்கு உரமும் களைக்கொல்லியும் கலந்து தூவும் அண்டை வீட்டாரிடம் நடுவதற்கு முன்பே நட்பாகப் பேசிவைப்பது புத்திசாலித்தனம்.

நடுவதும் முதல் வருஷமும்

வேர்விட்ட ஒரு வயதுக் குச்சிகளை வாங்குங்கள். ஒட்டுக்கட்டிய கன்று தேவையில்லை. இந்த ரகம் சொந்த வேரிலேயே நன்றாக நிற்கும், அதில் ஒரு பெரிய லாபமும் இருக்கிறது: என்றைக்காவது மேல்தண்டு முழுக்கச் செத்தாலும் அடியிலிருந்து வரும் துளிர் அதே லா கிரெசென்ட்தான். ஒட்டுக்கன்றில் அந்த இடத்தில் வேர்ச்செடியின் காட்டுக்கொடி அல்லவா கிளம்பும்!

பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், துணைக்கு வேறு ரகம் தேவையில்லை. தாய் வழியான செயின்ட் பெப்பினில் பெண் பூ மட்டுமே, பக்கத்தில் இன்னொரு ரகம் இல்லாமல் காய்க்காது. அந்தக் குறை இதற்கு வரவில்லை.

மே தொடக்கத்தில் நடுங்கள். வேரை இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கொடிக்குக் கொடி 6–8 அடி, வரிசைக்கு வரிசை 9–10 அடி விட்டு நட்டால் பின்னால் வருத்தப்பட மாட்டீர்கள். 4 அடியில் நெருக்கி நட்டவர்கள் மூன்றாம் வருஷம் புதருக்குள் கைவிட்டுக் குலை தேடுவார்கள். குழிக்குள் உரம் வேண்டாம். நட்டதும் இரண்டு மொட்டு மட்டும் விட்டு மேலே வெட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான், வெட்டுங்கள்.

முதல் வருஷம் கொடிக்கு ஒரே வேலை, வேர் விடுவது. பூ வந்தால் கிள்ளி எறியுங்கள். ஒரு மூங்கில் குச்சி நட்டுத் தளிரைத் தளர்வாகக் கட்டுங்கள். சுற்றி இரண்டடிக்குப் புல் முளைக்க விடாதீர்கள், வாரம் ஒரு வாளி தண்ணீர் போதும். நவம்பரில் அடித்தண்டைச் சுற்றி அரையடி உயரத்துக்கு மண் அணைத்துவிட்டால் முதல் குளிர்காலம் கவலையில்லை. அப்புறம் பனிப்பொழிவு வந்து மூடிக்கொண்டால் அதைவிட நல்ல போர்வை கிடையாது.

பந்தல் எப்படி?

நம் ஊர்ப் பந்தல் இங்கே வேண்டாம். கம்பத்தில் வெயிலிலிருந்து பழத்தைக் காப்பாற்ற வேண்டும். மின்னசோட்டாவில் கிடைக்கிற வெயிலையெல்லாம் பழத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லா கிரெசென்ட்டின் தளிர் நிமிர்ந்து நிற்காது, தொங்கும் சுபாவம். அதனால் 6 அடி உயரத்தில் ஒற்றைக் கம்பி கட்டி, தண்டை அதுவரை ஏற்றி, கம்பியில் இரண்டு பக்கமும் கை விரித்த மாதிரி படரவிட்டு, தளிர்களைக் கீழே தொங்க விடுவதே சுலபம். இன்னொரு லாபம், மொட்டுகள் தரையிலிருந்து 6 அடி மேலே இருப்பதால் தரையோரம் தேங்கும் பனிக்காற்றிலிருந்து ஓரிரு டிகிரி தப்பும். அந்த ஓரிரு டிகிரிதான் சில வருஷம் முழு விளைச்சலையும் காப்பாற்றும்.

முனைக் கம்பங்களைக் கஞ்சத்தனம் பார்க்காமல் போடுங்கள். 9 அடிக் கம்பத்தில் இரண்டரை அடி மண்ணுக்குள், வெளிப்பக்கம் சாய்த்து, இழுகம்பியோடு. காய்த்த கொடியும் காற்றும் சேர்ந்து இழுக்கும் பாரம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

இரண்டாம் வருஷம் தண்டு கம்பியைத் தொடும். ஒரு கொடிக்கு இரண்டு தண்டு வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் தண்டு வெடித்தால் அந்தக் காயத்தின் வழியே பாக்டீரியா புகுந்து கழலை போல முண்டு முண்டாக வீங்கும். அப்படி ஒரு தண்டு கெட்டால் அதை வெட்டி எறிந்துவிட்டு இன்னொன்றில் பிழைக்கலாம். அடியிலிருந்து வருஷா வருஷம் ஒரு துளிரை வாரிசாக விட்டு வையுங்கள்.

மூன்றாம் வருஷம் தளிருக்கு ஒரு குலை. நான்காம் வருஷத்திலிருந்து முழுக் காய்ப்பு. நன்றாக நிலைத்த என் கொடிகளில் தலைக்கு 4–5 கிலோ வருகிறது.

கவாத்து: பொறுமையாகச் செய்கிறவனுக்கே பழம்

திராட்சை, போன வருஷம் வளர்ந்த குச்சியிலிருந்து இந்த வருஷம் கிளம்பும் தளிரில்தான் காய்க்கும். பழைய மரத்தை வைத்துக்கொண்டு குச்சியை வெட்டாமல் விட்டால் தழை கிடைக்கும், பழம் கிடைக்காது. போன வருஷ வளர்ச்சியில் பத்தில் ஒன்பது பங்கு வெட்டி எறிய வேண்டும் என்றால் புதியவர்கள் நம்பமாட்டார்கள். எறிய வேண்டும்.

எப்போது? மார்ச் கடைசி, ஏப்ரல். நவம்பரில் சுத்தமாக வெட்டி முடித்துவிட்டால் குளிர் எத்தனை மொட்டைக் கொன்றது என்று தெரிந்துகொண்டு விட்டுக்கொடுக்க வழியே இருக்காது. அதற்குத்தான் மேலே சொன்ன பிளேடு சோதனை. ஒரு மொட்டு என்று நாம் பார்ப்பது உண்மையில் மூன்று. நடுவில் பெரியது, பக்கத்தில் ஒன்று, அதற்கும் சின்னதாக இன்னொன்று. நடுமொட்டு செத்தாலும் இரண்டாவது துளிர்த்துக் குறைவாகக் காய்க்கும். நடுமொட்டுகளில் பத்துக்கு இரண்டு செத்திருந்தால் வழக்கம் போல வெட்டுங்கள். நாலைந்து செத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு மொட்டை விட்டு வையுங்கள். எட்டும் ஒன்பதும் செத்திருந்தால் அந்த வருஷம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, துளிர்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நல்ல வருஷத்தில் கம்பியின் ஓரடி நீளத்துக்கு 5–6 மொட்டு கணக்கு. 8 அடி இடைவெளிக்கு மொத்தம் 40–48.

பனிக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. முதல் கவாத்தில் குச்சிகளை 8–10 மொட்டு நீளத்துக்கு விட்டுவிடுங்கள். குச்சியின் நுனி மொட்டுதான் எப்போதும் முதலில் துளிர்க்கும், துளிர்த்து அடிமொட்டுகளைத் தூங்க வைத்திருக்கும். மே நடுவில் பனி பயம் ஓரளவு தீர்ந்ததும், துளிர்த்த நுனியை வெட்டி அடியில் 2–3 மொட்டு விடுங்கள். நுனியைப் பனிக்குப் பலி கொடுத்து அடியைக் காப்பாற்றுகிற வேலை. ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போடலாம். வேலை இரண்டு மடங்கு என்பது உண்மை. ஆயிரம் கொடி வைத்திருப்பவர் யோசிப்பார். பன்னிரண்டு கொடிக்காரர் யோசிக்க என்ன இருக்கிறது?

வெட்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் வடியும். கொடி அழுகிறதே என்று மெழுகு தடவ ஓடாதீர்கள். அதனால் ஒன்றும் ஆகாது.

கோடை

ஜூன் நடுவில் பூக்கும். பூப்பதற்குச் சற்று முன்னிருந்து, பூத்து மூன்று நாலு வாரம் வரைதான் நோய் உள்ளே புகும் காலம். கருப்பழுகல் நோயில் பிஞ்சு சுருங்கி உலர்ந்த மிளகு மாதிரி ஆகிவிடும். அடிச்சாம்பல் நோய்தான் இந்த ரகத்தின் இலைக்குப் பெரிய எதிரி. இலையின் மேலே எண்ணெய்ப் பொட்டு மாதிரி மஞ்சள், அடியில் வெள்ளைப் பூஞ்சை. மழை அதிகமான வருஷத்தில் ஆகஸ்டிலேயே இலையைக் கொட்ட வைத்துவிடும். இலை போனால் சர்க்கரை போச்சு, குளிருக்குத் தயாராகும் சக்தியும் போச்சு. மருந்தே அடிக்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தால் வேறு ரகம் பாருங்கள். இந்தக் காலக்கட்டத்தில் உள்ளூரில் அனுமதிக்கப்பட்ட மருந்தை, சீட்டில் போட்ட அளவில், மழைக்கு முன் அடியுங்கள். போன வருஷத்து வற்றல் குலைகளைப் பொறுக்கி எரிப்பது பாதி மருந்துக்குச் சமம்.

ஜூலையில் ஜப்பானிய வண்டு வரும், செம்புப் பளபளப்பில். இலையை வலையாக்கும். விடியற்காலையில் வண்டு மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர் வாளியைக் கீழே பிடித்துத் தட்டினால் விழுந்துவிடும். பொறி வாங்கி மாட்டாதீர்கள், ஊர் வண்டையெல்லாம் விருந்துக்கு அழைத்த மாதிரி ஆகும். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் வலை போட்டுவிட வேண்டும். ஒரு தாமதமான சனிக்கிழமையில் ராபின் பறவைக் கூட்டம் என் அரை வரிசையை முடித்துவிட்டது.

காய் பட்டாணி அளவு ஆனதும் குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் காலை வெயில் படும் பக்கம் மட்டும் கிள்ளிவிடுங்கள். இது நோய்க்கு மட்டுமல்ல, புளிப்புக்கும். காரணம் அடுத்து.

எப்போது பறிப்பது?

திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலம். டார்டாரிக் என்பது நம் புளியில் இருக்கும் அமிலம். மாலிக் என்பது பச்சை ஆப்பிளில் இருப்பது. பழுக்கும்போது கொடி மாலிக்கை மட்டும் எரித்துத் தீர்க்கும், வெயிலும் சூடும் இருந்தால் வேகமாக. செப்டம்பரில் ராத்திரி 8, 10 டிகிரிக்கு இறங்கும் ஊரில் அந்த அடுப்பு மந்தமாகத்தான் எரியும். குலைக்கு வெயில் காட்டினால் கொஞ்சம் கூடுதலாக எரியும். அதற்குத்தான் இலை கிள்ளியது.

சர்க்கரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். லா கிரெசென்ட் சர்க்கரையை அள்ளிச் சேர்க்கும். செப்டம்பர் நடுவில் 22 பிரிக்ஸ் (சாற்றில் ஏறக்குறைய 22 சதவீதம் சர்க்கரை) காட்டும். அப்போது பறித்தால் ஒயின் பல்லைக் கூச வைக்கும். அமிலம் அளக்கும் சிறு கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். 24 பிரிக்ஸ், லிட்டருக்கு 11–12 கிராம் அமிலம், பி.எச். 3.1-ஐ ஒட்டி வந்தால் இந்த ரகத்துக்கு நல்ல கணக்கு. சாதாரண வெள்ளை ஒயினில் 6–8 கிராம்தான் இருக்கும் என்பதை ஒப்பிட்டால் நாம் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறோம் என்று புரியும்.

இன்னும் ஒரு வாரம் விடலாமே என்றால், அங்கே ஒரு தடை. முற்றிய லா கிரெசென்ட் காம்பில் நிற்காது. கம்பியைத் தட்டினால் பொலபொலவென்று உதிரும். குளவிக்குத் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. என் வழக்கம் இது: தினமும் ஒரு குலையைக் கையில் ஏந்தி லேசாகக் குலுக்குவேன். மூன்று நாலு பழம் உள்ளங்கையில் விழுந்து, விதை பழுப்பாகி, தோலை மென்றால் பச்சை வாடை இல்லாமல் ஆப்ரிகாட் வாசனை வந்தால் மறுநாள் காலை பறிப்பு. கீழே ஒரு பழைய போர்வை விரித்துக்கொள்ளுங்கள்.

பிழிவது

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு, விற்காமல், வயது வந்த ஒருவர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 100 காலன், இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 காலன் வரை ஒயின் செய்யக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். இதைப் படித்துவிட்டு அங்கே பானை வைக்காதீர்கள்.

10 கிலோ பழத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர் சாறு. அழுகலைப் பொறுக்கி எறிந்து, காம்பு நீக்கி, நசுக்கி, ஓரிரு மணி நேரத்துக்குள் பிழிந்துவிடுங்கள். தோல் ஊறினால் வாசனை கூடும், கசப்பும் கூடும். கடைசிச் சொட்டுவரை முறுக்காதீர்கள். சாறு வழிந்ததும், அது கெட்டுப்போகாமல் காக்க, லிட்டருக்கு 0.09 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கரைத்துவிட்டால் சுமார் 50 மில்லிகிராம் சல்பர் டை ஆக்சைடு கிடைக்கும். சமையலறைத் தராசு இதற்குப் பத்தாது, நகைத் தராசு வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் பொடியைத் திறந்த வெளியில் வைத்துக் கரையுங்கள்.

ஜாடியை ஒரு நாள் குளிர்பெட்டியில் வையுங்கள். அடியில் கஞ்சி மாதிரி வண்டல் இறங்கும். மேலே உள்ள தெளிவை மட்டும் குழாய் வைத்து வேறு ஜாடிக்கு மாற்றுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தவர் ஒயினுக்கும் செய்யாதவர் ஒயினுக்கும் வாசனையிலேயே வித்தியாசம் தெரியும்.

புளிப்பை அடக்குவது

இதற்கு ஒரே மருந்து இல்லை. சின்னச் சின்னதாக நாலைந்து வழி, ஒவ்வொன்றும் ஒன்றரை கிராம், இரண்டு கிராம் குறைக்கும்.

முதலில் ஈஸ்ட். லால்வின் 71பி என்ற ஈஸ்ட் நொதிக்கும்போதே மாலிக் அமிலத்தில் 20 முதல் 40 சதவீதம் வரை தின்றுவிடும். பழ வாசனையையும் தூக்கிக் காட்டும். இந்த ரகத்துக்கு நான் வேறு எதுவும் யோசிப்பதில்லை. ஈஸ்ட்டுக்கான சத்துப்பொடியும் சேருங்கள், பட்டினி கிடந்தால் அழுகின முட்டை நாற்றம் விடும். 13–16 டிகிரியில், அவசரமில்லாமல், இரண்டு மூன்று வாரம் நொதிக்கட்டும். அடித்தள அறையின் சிமெண்ட் தரை அக்டோபரில் இதற்கென்றே செய்த மாதிரி.

இரண்டாவது குளிர். நொதித்து முடிந்து, வண்டலிலிருந்து மாற்றிய பிறகு ஜாடியை 0 டிகிரியை ஒட்டி இரண்டு வாரம் வையுங்கள். டார்டாரிக் அமிலம் கற்கண்டுத் தூள் மாதிரி கண்ணாடியில் ஒட்டி இறங்கும். மின்னசோட்டாவில் டிசம்பரில் கார் நிறுத்தும் கொட்டகையே போதும், மைனஸ் 5-க்குக் கீழே போகிற ராத்திரி மட்டும் கவனம், ஜாடி விரியும். ஆனால் குளிரில் இறங்குவது புளியின் அமிலம் மட்டும்தான். பச்சை ஆப்பிளின் அமிலம் அசையாது.

அப்படியும் தூக்கலாக இருந்தால் குளிரில் வைப்பதற்கு முன்பே பொட்டாசியம் பைகார்பனேட். லிட்டருக்கு 1 கிராம் போட்டால் ஏறக்குறைய 1 கிராம் அமிலம் குறையும். 2 கிராமைத் தாண்டாதீர்கள். அதுவும் டார்டாரிக்கைத்தான் தொடுகிறது. அதை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் மிச்சம் மாலிக் மட்டும் நிற்கும், ஒயின் சப்பென்று உப்புக்கரிக்கும்.

சிலர் பாக்டீரியா விட்டு மாலிக்கை லாக்டிக் ஆக்குவார்கள். பி.எச். 3.1-ல் அந்த பாக்டீரியா எழுந்திருப்பதே பாடு. எழுந்தால் வெண்ணெய் வாடை வரும், பன்னீர் வாசனை போய்விடும். சிவப்பு ஒயினுக்குச் சரி, இதற்கு வேண்டாம் என்பது என் கட்சி.

நடும்போதே யோசிக்கிறவர்களுக்கு இன்னொரு வழி, கலப்பது. அதே பல்கலைக்கழகம் 2017-ல் இட்டாஸ்கா என்ற வெள்ளை ரகத்தை வெளியிட்டது. அதன் அமிலம் லா கிரெசென்ட்டைவிட நன்றாகவே குறைவு. பத்துக் கொடி நட்டால் மூன்று அதில் நடுங்கள்.

கடைசியாக இனிப்பு. இது ஏமாற்று வேலை இல்லை. ரசத்தில் புளிப்பு தூக்கலாகிவிட்டால் துளி வெல்லம் கிள்ளிப் போடுவதில்லையா? அதே நியாயம்தான். 9 கிராம் அமிலமுள்ள ஒயினில் லிட்டருக்கு 15–25 கிராம் சர்க்கரை இருந்தால் நாக்கு இரண்டையும் தனித்தனியாகச் சொல்லாது. முழுக்க நொதித்துத் தெளிந்த ஒயினில் நாலு தம்ளர் எடுத்து 10, 15, 20, 25 என்று கலந்து, வீட்டில் உள்ளவர்களிடம் எண்ணைச் சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள்.

சர்க்கரை போட்டால், புட்டிக்குள் மறுபடி நொதிக்காமல் இருக்க, கூடவே லிட்டருக்குக் கால் கிராம் பொட்டாசியம் சார்பேட் கட்டாயம், அதோடு முன்பு சொன்ன மெட்டாபைசல்பைட்டும். இரண்டாம் வருஷம் நான் சார்பேட் போட மறந்துவிட்டேன். ஜூன் மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு அடித்தள அறையில் வெடிச்சத்தம். ஒன்று வெடித்த அதிர்ச்சியில் பக்கத்தில் இருந்த இரண்டு. கார்க் தூளும் கண்ணாடியும் பொறுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பாக்டீரியா மாற்றம் நடந்த ஒயினில் மட்டும் சார்பேட் போடாதீர்கள், ஜெரேனியம் இலையைக் கசக்கிய நாற்றம் வந்து நிற்கும், எடுக்கவே முடியாது.

புட்டியில்

மார்ச்சில் அடைத்து, ஒரு மாதம் ஆறவிட்டு, மே மாதம் திறக்கலாம். இந்த வாசனை வருஷக்கணக்கில் காத்திருக்காது. ஒன்றரை, இரண்டு வருஷத்துக்குள் குடித்துவிடுங்கள். 8–10 டிகிரி குளிர்ச்சியில் ஊற்றுங்கள், ஐஸ் மாதிரி ஆக்கினால் ஆப்ரிகாட் ஒளிந்துகொள்ளும். இனிப்பும் புளிப்பும் சேர்ந்த ஒயின் காரத்துக்குப் பயப்படாது. எங்கள் வீட்டில் இதற்குத் துணை மிளகு தூக்கலாகப் போட்ட கோழி வறுவல். விருந்தாளிகள் இரண்டாவது தம்ளர் கேட்ட பிறகுதான் பன்னீர் திராட்சைக் கதையை எடுப்பேன். முதலிலேயே சொன்னால் எல்லாருக்கும் அந்த வாசனை வந்துவிடுகிறது.